நூறு ஏடு, ஒரு சாட்சி

"பத்து ஏடுகளிலே வந்திருக்கிறது; பொய்யாகவா இருக்கும்?" தேநீர்க் கடையிலும் தொடர்வண்டியிலும் நாம் நாள்தோறும் கேட்கும் கேள்வி இது. கேட்பவர் கபடமற்றவர். பத்துப் பேர் சாட்சி சொன்னால் வழக்கு நிலைத்துவிடும் என்று நம்புகிறவர். ஆனால் தோழர்களே, பத்து ஏடுகள் என்றால் பத்துச் சாட்சிகள்தாமா? அன்றி, ஒரே சாட்சி பத்து உடை மாற்றிக்கொண்டு கூண்டேறுகிறானா? விடை காண ஒரு சொல்லின் வரலாற்றைப் புரட்டுவோம். அந்தச் சொல், 'சிண்டிகேட்'.

நமக்கு அது புதிய சொல்லன்று. பல்கலைக்கழக ஆட்சிக்குழுவுக்கு அப்பெயர் உண்டு. 1960களிலே காங்கிரசுக் கட்சியின் பெருந்தலைவர்கள் சிலர் சேர்ந்த அணியை ஏடுகள் அப்பெயரால் அழைத்தன; 1969இல் அக்கட்சி பிளந்தபோது அச்சொல் ஊரெங்கும் உலவிற்று. வணிகர் ஒன்றுகூடிச் சந்தையைக் கைப்பற்றினாலும் சிண்டிகேட்; கொள்ளைக் கூட்டத்தார் ஊரைப் பங்கு போட்டாலும் சிண்டிகேட்! பிரெஞ்சு மொழியிலோ, இதன் உடன்பிறந்த சொல் தொழிற்சங்கத்தைக் குறிக்கிறது. முதலாளிக்கும் தொழிலாளிக்கும் ஒரே பெயரா? விந்தைதான்! வேரைத் தேடினால் விந்தை இன்னும் பெரிது. பண்டைக் கிரேக்கத்தில் 'சின்டிகோஸ்' என்றால், மன்றத்திலே ஒருவனுக்காக வாதாட அவன் பக்கம் நிற்பவன். உடன் நிற்பது முன்பாதி, நீதி பின்பாதி. வழக்காடியின் பெயர் நாளடைவில் ஊர்களுக்கும் சங்கங்களுக்கும் சார்பாகப் பேசுவோரின் பெயராயிற்று. பிறகு குழுவின் பெயராயிற்று. இறுதியில் வணிகக் கூட்டின் பெயராயிற்று.

அச்சுலகத்துக்கு அது வந்த கதையைக் கேளுங்கள். 1861. அமெரிக்காவிலே உள்நாட்டுப் போர் மூண்டுவிட்டது. விஸ்கான்சின் மாநிலத்திலே பாராபூ என்றொரு சிற்றூர். அங்கே ஏடு நடத்திய ஆன்செல் கெல்லாக், அச்சுக்கூட ஆள் போர்ப்படைக்குப் போய்விடவே திகைத்தார். மேடிசன் நகரத்துப் பெரிய ஏட்டினரிடம், போர்ச் செய்திகளை ஒரு பக்கத்திலே அச்சிட்ட தாள்களை விலைக்கு வாங்கினார். வெற்றாக இருந்த மறுபக்கத்தில் உள்ளூர்ச் செய்தியை அச்சிட்டு ஏட்டை வெளியிட்டார். இடுக்கண் ஒரு தொழிலை ஈன்றது! 1865இல் சிகாகோவில் அவரே இதற்கென ஒரு நிறுவனம் தொடங்கினார். ஊர்தோறும் ஏட்டின் பெயர் வேறு. உள்ளே இருக்கும் கட்டுரையும் கதையும் ஒன்றே.

அடுத்து, அச்சிட்ட தாளுக்குப் பதில் வார்த்த தகடுகளையே விற்கத் தொடங்கினர். வாங்கு, அறு, பொருத்து, அச்சிடு, அவ்வளவே வேலை. நீராவிக் கொதிகலனுக்கு அடிக்கும் இரும்புத் தகடு போலிருந்ததால் அவற்றுக்குப் 'பாய்லர் பிளேட்' என்று கேலிப் பெயர் கிடைத்தது. 1884இல் மெக்ளூர் என்பார், ஓர் எழுத்தாளரின் படைப்பை வாங்கிப் பல ஏடுகளுக்கு ஒரே வேளையில் விற்கும் அமைப்பை நிறுவினார். அந்த வணிகத்துக்கே 'சிண்டிகேட்' என்று பெயர் நிலைத்தது. கட்டுரையும் கதையும் இவ்வாறு சென்றன. செய்தியோ, 1846இல் நியூயார்க் ஏடுகள் கூடி அமைத்த அசோசியேட்டட் பிரஸ் போன்ற நிறுவனங்களின் வழியே தந்தியிற் பறந்தது. முறை ஒன்றே: எழுதுபவர் ஒருவர், அச்சிடுபவர் நூற்றுவர்.

இதனால் நன்மையே இல்லையோ? உண்டு. ஸ்டீவன்சனின் கதையையும் கிப்ளிங்கின் கதையையும் சிற்றூர் உழவனும் படிக்க முடிந்தது. அதை மறுப்பது அறிவுடைமையாகாது. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். வார்த்த தகட்டுக்கு அச்சுத் தொழிலார் இட்ட பெயர் 'ஸ்டீரியோடைப்'. பிரெஞ்சு அச்சகத்தார் இட்ட பெயர் 'கிளிஷே'. இன்று அவற்றின் பொருள் என்ன? முன்னது, ஓர் இனத்தார் எல்லாரும் இப்படித்தான் என்று ஆராயாமல் குத்தும் முத்திரை. பின்னது, சொல்லிச் சொல்லித் தேய்ந்த தொடர். 'பாய்லர் பிளேட்'டோ, சிந்தியாமல் படியெடுக்கும் வாசகம். மூன்று சொற்களும் தகட்டிலே பிறந்து மூளைக்குக் குடிவந்தன! தகடு சிந்திப்பதில்லை, அடித்ததையே அடிக்கும்.

அதனால் விளைந்த கேட்டுக்கு ஒரு சான்று. அடிமையாகப் பிறந்து ஆசிரியப் பணி புரிந்தவர் ஐடா வெல்ஸ் என்னும் கறுப்பின நங்கை. மெம்பிஸ் நகரில் ஓர் ஏட்டின் பங்காளியாகவும் ஆசிரியராகவும் விளங்கினார். 1892 மார்ச்சில் அவருடைய நண்பர் மூவரை வெள்ளையர் கும்பல் கொன்றது. அவர்கள் நடத்திய மளிகைக் கடை, வெள்ளைக்காரர் ஒருவரின் கடைக்குப் போட்டியாக இருந்தது. கறுப்பர் கொல்லப்படும் போதெல்லாம் ஏடுகள் ஒரே பாட்டைத்தான் பாடின: "பெண்ணைக் கெடுத்தான், தண்டித்தார்கள்." ஐடா ஐயுற்றார். கொலை நடந்த ஊர்களுக்கு நேரிலே சென்றார். மிசிசிப்பியில் நடந்த ஒரு கொலைக்குக் காரணம், சிறுமி ஒருத்தி கெடுக்கப்பட்டதே என்று செய்தி பரவியிருந்தது. போய்ப் பார்த்தால் அவள் வளர்ந்த மங்கை. அவனுடைய குடிசைக்குத் தானே சென்றவள்! கும்பல்களுக்குப் பலியான 728 பேரில் மூன்றில் ஒரு பங்கினர் மீதுதான் அப்பழி சுமத்தப்பட்டிருந்தது என்பதை வெள்ளையர் ஏடு திரட்டிய கணக்கைக்கொண்டே காட்டினார். அதற்கு முன்பே, 1892 மே மாதத்தில் அவருடைய ஏட்டு நிலையம் சூறையாடப்பட்டது. ஊர் திரும்பினால் உயிர் போகும் என்ற நிலை. அவர் அடங்கவில்லை. நியூயார்க்கிலிருந்து எழுதினார், அவ்வாண்டிலேயே நூலாக வெளியிட்டார்.

நூறு ஏடு சொன்ன பொய்யை ஒரு பெண்ணின் கால்நடை உடைத்தது! ஏன் முடிந்தது? எத்தனை ஏட்டில் வந்தது என்று அவர் எண்ணவில்லை. கண்டவர் யார் என்று கேட்டார்.

அதற்காகக் கூட்டையே வெறுக்க வேண்டுமா? வேண்டியதில்லை. 1919இல் சிகாகோவில் கிளாட் பார்னெட் என்னும் கறுப்பர், கறுப்பின ஏடுகளுக்கெனத் தனிச் செய்தி நிறுவனம் கண்டார். தந்திக்குப் பணமில்லை, அஞ்சலிலே செய்தி போயிற்று. வெள்ளையர் ஏடுகள் மறைத்ததை அது நாடெங்கும் சொல்லிற்று. பின்னாளில் ஆப்பிரிக்க நாட்டு ஏடுகளுக்கும் செய்தி தந்தது. 1960கள் வரை நின்றது. குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்ட ஓர் இனத்தின் பக்கம் நின்று வாதாடிய அந்தக் கூட்டிலே, கிரேக்கச் சொல்லின் பழம்பொருள் மீண்டும் உயிர்பெற்றது அன்றோ?

இன்று தகடு இல்லை, தந்தியும் இல்லை. கைப்பேசியிலே ஒரு விரல் தட்டினால் ஒரு பொய் ஆயிரம் வீடு புகுகிறது. ஆகவே, 'பத்து இடத்தில் வந்ததே' என்று அடுத்த முறை எவரேனும் சொன்னால் நாம் அவரை எள்ள வேண்டாம். அருகமர்ந்து மூன்று கேள்வி கேட்போம்: முதலில் எழுதியவர் யார்? அவர் கண்டாரா, கேட்டாரா? குற்றம் சாட்டப்பட்டவனின் பக்கம் நின்று எவரேனும் பேசினாரா? மூன்றாம் கேள்விக்கு விடை 'இல்லை' என்றால், தீர்ப்பை ஒத்திவைப்போம்.