கண்டியும் ‘திரில்லரும்’: மறைந்த பொப் பாடகரின் வீடியோ பொது மரபான வரலாறு

1982 பெப்ரவரி 15 அன்று ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியது. யப்பானிய நிதியுதவியில் எழுந்த அந்த நிலையத்தின் முதன்மை அஞ்சல் கோபுரம் நாட்டின் மிக உயர்ந்த சிகரமான பிதுருதலாகலையில் அமைந்தது. 1979இல் ஆரம்பித்த ஐ.ரி.என். கொழும்பையும் அயலையும் அதிகம் தாண்டவில்லை. ஆகவே கண்டி, பேராதனை, மாத்தளை வீடுகளுக்குத் தொலைக்காட்சி உண்மையில் வந்து சேர்ந்தது ரூபவாஹினியோடுதான்.

அதே ஆண்டு ஏப்ரலில் டுரான் டுரான் என்ற ஆங்கிலேய பொப் குழு கமெராக்களோடு இலங்கைக்கு வந்தது. இயக்குநர் ரசல் மல்காஹி. 1981 ஓகஸ்ட் 1ஆம் திகதி எம்.ரி.வி. அலைவரிசை தொடங்கியபோது முதலில் ஓடிய வீடியோவை எடுத்தவரும் இவரே. ‘சேவ் எ பிரேயர்’ பாடலுக்குச் சீகிரியாக் குன்றும் பொலன்னறுவைச் சிலைகளும் பின்னணியாயின. இலங்கையில் எடுக்கப்பட்ட ‘ஹங்ரி லைக் த வுல்ஃப்’, இன்னொரு பாடலோடு சேர்ந்து, குறும் இசை வீடியோவுக்கென 1984இல் முதன்முறையாக வழங்கப்பட்ட கிராமி விருதைப் பெற்றது. பாட்டுக்குப் படம் எடுப்பது உலகத் தொழிலாக மாறிய அந்த முதற்கட்டத்தில் இந்தத் தீவுக்கும் இடம் இருந்திருக்கிறது. நமது ஊடக வரலாற்றை எழுதுவோர் அதை இன்னும் போதிய அளவு கவனிக்கவில்லை.

மைக்கல் ஜக்சனின் ‘திரில்லர்’ 1983 டிசம்பர் 2 அன்று எம்.ரி.வி.யில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. அதற்கு நான்கு மாதங்கள் முன்னர்தான் தமிழருக்கு எதிரான ஜூலை வன்முறை கண்டியையும் எட்டி, நகரின் தமிழ்க் கடைகளை எரித்திருந்தது. அந்த ஆண்டின் இறுதியில் மலைநாட்டுத் தமிழ் வீடுகளில் பொப் பாட்டுக்கான மனநிலை இருந்திருக்கும் என்று எண்ண முடியாது. ஆனாலும் ஒலிநாடாவும் வீடியோ நாடாவும் எல்லைகளைக் கடந்துகொண்டேயிருந்தன. தொலைக்காட்சிப் பெட்டியும் ‘டெக்’கும் வைத்திருந்த வீட்டில் அயலவர் கூடிப் பார்ப்பது அந்தக் காலத்து வழக்கம்.

‘திரில்லரின்’ வரலாற்று முக்கியத்துவத்தை அதன் கதையில் தேடினால் கிடைக்காது. காதலியோடு திகில் படம் பார்த்துத் திரும்பும் இளைஞன், கல்லறைகளிலிருந்து எழும் பிணங்களோடு சேர்ந்து ஆடுகிறான், கதை அவ்வளவே. ஜோன் லண்டிஸ் அதை ஏறக்குறைய 14 நிமிடக் குறும்படமாக இயக்கினார். ஒப்பனை ரிக் பேக்கர். நடனத்தை மைக்கல் பீற்றர்ஸ் ஜக்சனோடு சேர்ந்து அமைத்தார். பாடலை எழுதிய ரொட் டெம்பர்ட்டன் ஆங்கிலேயர். அல்பம் வெளிவந்து ஒரு வருடம் ஆகியிருந்ததால் இன்னொரு பெரிய வீடியோவுக்குச் செலவிட இசைத்தட்டு நிறுவனம் தயங்கியது. வழி வேறு பக்கத்திலிருந்து திறந்தது. படப்பிடிப்பையே ஒரு விவரணப் படமாக எடுத்து, அதைக் காட்டும் உரிமையைத் தொலைக்காட்சி அலைவரிசைகளுக்கு விற்றுப் பணம் திரட்டினார்கள்.

அந்த விவரணப் படம் பின்னர் வீடியோ நாடாவாகக் கடைகளுக்கு வந்தது. ஏறக்குறைய பத்து இலட்சம் பிரதிகள் விற்றன. அக்காலத்தில் படங்களின் நாடாவை வாடகைக்கு எடுப்பதே பெருவழக்கு. காசு கொடுத்துச் சொந்தமாக வாங்கி வைக்கும் பழக்கத்தை வளர்த்தவற்றுள் இதுவும் ஒன்று. அதில் ஒத்திகைகள் இருந்தன. ஜக்சனும் பீற்றர்ஸும் அசைவுகளை எப்படிக் கட்டினார்கள் என்பதைப் பார்வையாளர் காண முடிந்தது. நாடாவைப் பின்னோக்கிச் சுற்றி, மறுபடி போட்டு, கண்ணாடி முன்னால் நின்று ஒரு பிள்ளை பழகலாம். தோளைக் குலுக்குவது, இரு கைகளையும் நகம் விரித்த பாவனையில் இடமும் வலமும் கொண்டுபோவது, தலையைச் சரித்து நடப்பது எல்லாம் பயிற்சியற்ற உடம்புக்கும் வசப்படக்கூடியவை. ஜக்சனின் ‘மூன்வோக்’ அப்படி எளிதில் வராது. அவர் இறந்த பின்பு உலகம் கூட்டமாக ஆடித் தீர்த்தது ‘திரில்லரை’ என்பதற்கு முதற்காரணம் இந்தப் பழகுந்தன்மையே என்பது இக்கட்டுரையின் வாதம்.

கண்டியைச் சூழ்ந்த கிராமங்களை அறிந்தவர்களுக்கு, ஆட்டம் பழகுவதால் வாழ்கிறது என்பது புதிய செய்தியாக இராது. நித்தவெலவிலும் அமுனுகமவிலும் கண்டி நடனம் பரம்பரை பரம்பரையாகக் குருவின் உடம்பிலிருந்து சீடனின் உடம்புக்குப் போனது. ‘பா சரம்ப’ என்னும் பாதப் பயிற்சியில் தொடங்கும் மாணவன், ஆண்டுகள் கழித்து நல்ல நேரம் பார்த்து ‘வெஸ்’ தலையணியைச் சூடுகிறான். இரவு முழுவதும் நீளும் கொஹொம்பா கங்காரிய சடங்கே அந்த ஆட்டத்தின் மூல இடம். 1934இல் பசில் ரைட் எடுத்த ‘சோங் ஒஃப் சிலோன்’ ஆவணப்படத்தில் கண்டி நடனம் கமெராவுக்குள் வந்தது. கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸின் நூலிலிருந்து எடுத்த பகுதிகளை லயனல் வெண்ட் அதில் வாசிக்கிறார். அன்று ஆடியவர்கள் இன்று இல்லை, படச்சுருள் இருக்கிறது. ஆனால் கண்டி நடனம் இன்றுவரை உயிரோடு இருப்பது அந்தச் சுருளால் மட்டுமல்ல. பள்ளிக்கூடங்களிலும் பெரஹராவிலும் அதை ஆடும் பிள்ளைகளால்தான். ‘திரில்லர்’ விடயத்தில் படச்சுருளே குருவின் இடத்தையும் எடுத்துக்கொண்டது. இரண்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு அது.

தென்னிந்தியத் திரை இந்தக் குருவிடம் வெகு சீக்கிரம் பாடம் கேட்டது. 1985இல் தெலுங்கின் ‘தொங்கா’ படத்தில் சிரஞ்சீவி ஆடிய பாட்டு ‘திரில்லரின்’ நேரடிப் பிரதி. தமிழில் தழுவல் இன்னும் செழுமையாக நடந்தது. ‘ஜென்ரில்மன்’ (1993), ‘காதலன்’ (1994) படங்களின் பாடல்களில் பிரபுதேவா, ஜக்சனின் வெட்டசைவுகளை நம்முடைய குத்தாட்டத்தோடு கலந்தார். அமெரிக்க வீடியோவை முழுதாகப் பார்த்திராத மலைநாட்டு இளைஞனுக்கும் ஜக்சனின் உடல்மொழி தமிழ்ப் படம் வழியாகப் பழக்கமாயிருக்கும். ஜக்சன் 1996 நவம்பர் 1 அன்று மும்பையில் மேடையேறியபோது, இந்திய இரசிகர்கள் அவரைப் பிரபுதேவாவின் ஊடாகவும் அறிந்திருந்தார்கள்.

அவர் 2009 ஜூன் 25 அன்று லொஸ் ஏஞ்சலிசில் காலமானார். இலங்கையில் போர் முடிந்து ஆறு கிழமைகூட ஆகவில்லை. இங்கே துக்கம் வேறு இடத்தில் இருந்தது. அதைச் சொல்லாமல் அந்த ஜூனைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது.

உலகின் மற்றப் பகுதிகளில் அஞ்சலி நடனமாக வெளிப்பட்டது. அதற்கான அச்சுகள் ஏற்கெனவே தயாராயிருந்தன. 2006இல் கனடாவின் ரொறன்ரோவில் 62 பேர் கூடி ஆடியதிலிருந்து, ஒரே நேரத்தில் பல நாடுகளில் ‘திரில்லர்’ ஆடும் வருடாந்த நிகழ்வு பிறந்திருந்தது. 2007இல் பிலிப்பைன்சின் செபு மாகாணச் சிறையில் 1,500க்கு மேற்பட்ட கைதிகள் அதை ஆடிய காட்சி இணையத்தில் கோடிக்கணக்கானோரை எட்டியிருந்தது. ஜக்சன் இறந்த சில நாட்களுக்குள் அதே முற்றத்தில் அஞ்சலி ஆட்டம் நடந்தது. அவருடைய 51ஆவது பிறந்தநாளாக அமைந்திருக்க வேண்டிய ஓகஸ்ட் 29 அன்று மெக்சிக்கோ நகரில் 13,597 பேர் ஒன்றாக ஆடிக் கின்னஸ் சாதனை படைத்தார்கள். அரச அங்கீகாரம் இவற்றுக்குப் பின்னரே வந்தது. டிசம்பர் 30 அன்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், பாதுகாக்கப்பட வேண்டிய படங்களின் தேசியப் பதிவேட்டில் ‘திரில்லரைச்’ சேர்த்தது. ஆண்டுக்கு 25 படங்களே இடம்பெறும் அந்தப் பதிவேட்டில் நுழைந்த முதல் இசை வீடியோ அது. 2011இல் வீடியோவின் சிவப்பு மேற்சட்டை 18 இலட்சம் டொலருக்கு ஏலம் போனது. 2017இல் முப்பரிமாண வடிவம் வெனிஸ் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது.

கொண்டாட்டம் கேள்விக்கு அப்பாற்பட்டதல்ல. சிறுவர் துஷ்பிரயோகக் குற்றச்சாட்டு வழக்கில் 2005இல் நடுவர் குழு ஜக்சனை விடுவித்தது. 2019இல் வெளியான ஓர் ஆவணப்படத்தில் வேறு இருவர் தம் சிறுவயது அனுபவங்கள் என்று சொன்னவற்றை அவரது குடும்பம் மறுத்தது. ஒரு வீடியோவில் பீற்றர்ஸின் நடனமும் பேக்கரின் ஒப்பனையும் டெம்பர்ட்டனின் பாட்டும் சேர்ந்திருக்கின்றன. அதைப் போற்றுவதும் ஒரு மனிதரின் வாழ்வுக்கு நற்சான்று வழங்குவதும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை ஆய்வாளர் விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.

நம்முடைய பொப் இசைக்கு இப்படியொரு படப்பதிவு வாய்க்கவில்லை. ‘சுராங்கனி’ பாட்டால் தமிழ்நாடுவரை அறியப்பட்ட ஏ.ஈ. மனோகரன் 2018 ஜனவரி 22 அன்று சென்னையில் மறைந்தார். இலங்கை வானொலியும் இசைத்தட்டுகளும் மேடைகளும் வளர்த்த கலைஞர் அவர். ரூபவாஹினி வருவதற்கு முன்னரே அவருடைய புகழ் உச்சம் தொட்டிருந்தது. 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜா இசையில் அந்தப் பாட்டு மலேசியா வாசுதேவன் குரலிலும் ஒலித்தது. அவரது மறைவின்போது மக்கள் திரும்பிச் சென்றது குரலிடமே. எழுபதுகளின் துள்ளிசை மேடைகளைப் படம் பிடித்த சுருள்கள் எவர் வீட்டு அலுமாரியிலாவது எஞ்சியிருந்தால், அவற்றைத் தேடி எண்மப்படுத்தும் வேலை உடனே தொடங்கப்பட வேண்டும். தமிழ்த்துறையையும் நுண்கலைத்துறையையும் ஒரே வளாகத்தில் கொண்டிருக்கும் பேராதனைப் பல்கலைக்கழகம் அதற்குப் பொருத்தமான இடம். மனோகரனின் மேடைகளை நேரில் கண்ட தலைமுறை இப்போது எழுபது வயதைத் தாண்டிக்கொண்டிருக்கிறது.