ஒரு மீனின் விலை 25 லட்சம் ரூபாயா? அரிய கடல் வண்ணமீன்களின் விலை உயர்வுக்குக் காரணம் என்ன?

திருவனந்தபுரம்: கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் ஒரு சிறிய மீனுக்கு 30,000 அமெரிக்க டாலர் வரை விலை மதிப்பிடப்படுகிறது என்றால் பலரால் நம்ப முடியாது. இன்றைய மதிப்பில் அது 25 லட்சம் ரூபாய்க்கும் மேல். பசிபிக் பெருங்கடலில் உள்ள குக் தீவுகளின் ஆழ்கடல் பாறைகளில் வாழும் 'பெப்பர்மின்ட் ஏஞ்சல்' என்ற மீன்தான் அது. உடல் முழுவதும் சிவப்பும் வெள்ளையும் பட்டைகளாக மாறி மாறி அமைந்த அந்த மீன், உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவுடையது.

இத்தகைய விலைக்கு மீனின் அழகு மட்டுமே காரணம் அன்று. கடலில் பிடிப்பதில் உள்ள ஆபத்து, வழியில் நேரும் இறப்பு, செயற்கையாக இனப்பெருக்கம் செய்ய இயலாமை ஆகிய மூன்றும் சேர்ந்தே விலையைத் தீர்மானிக்கின்றன. இவற்றுள் மூன்றாவது தடையை நீக்கும் பணி திருவனந்தபுரத்தை அடுத்த விழிஞ்ஞம் கடற்கரையில் பல ஆண்டுகளாக நடைபெற்று வருகிறது.

நன்னீர் மீனும் கடல் மீனும்

சென்னை கொளத்தூர் போன்ற வண்ணமீன் சந்தைகளில் விற்கப்படும் கப்பி, மோலி, பொன்மீன் போன்றவை நன்னீர் மீன்கள். உலகச் சந்தைக்கு வரும் நன்னீர் வண்ணமீன்களில் பெரும்பாலானவை பண்ணைகளில் பிறந்து வளர்ந்தவை. எனவே அவற்றின் விலை சாதாரண மக்களுக்கு எட்டும் நிலையில் உள்ளது.

கடல் வண்ணமீன்களின் நிலை இதற்கு நேர்மாறானது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை இன்றும் பவளப்பாறைகளிலிருந்து உயிருடன் பிடிக்கப்படுகின்றன. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் உலக உயிரினப் பாதுகாப்புக் கண்காணிப்பு மையம் 2003-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, ஏறத்தாழ 1,470 வகைக் கடல் மீன்கள் இந்த வணிகத்தில் இடம்பெற்றிருந்தன. ஆண்டுதோறும் 2 கோடி முதல் 2.4 கோடி மீன்கள் வரை விற்பனையானதாக அந்த அறிக்கை மதிப்பிட்டது.

அதே அறிக்கையில் உள்ள மற்றொரு கணக்கு, இந்த வணிகத்தின் ஈர்ப்பை விளக்குகிறது. 2000-ஆம் ஆண்டில் ஒரு தீவு நாட்டிலிருந்து ஏற்றுமதியான ஒரு கிலோ வண்ணமீனின் மதிப்பு ஏறத்தாழ 500 டாலர். உணவுக்காகப் பிடிக்கப்பட்ட ஒரு கிலோ பவளப்பாறை மீனின் மதிப்போ 6 டாலர் மட்டுமே. கரையில் வாழும் மீனவருக்கு இந்த வேறுபாடு பெரும் வாய்ப்பாகும். கடலுக்கு அதுவே பெரும் சுமையும் ஆகும்.

ஆழம் கூடினால் விலையும் கூடும்

பெப்பர்மின்ட் ஏஞ்சல் மீன் 1992-ஆம் ஆண்டில்தான் அறிவியல் உலகில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. அது 50 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் வாழ்கிறது. அந்த ஆழத்துக்குச் சாதாரண முக்குளிப்புக் கருவிகளுடன் செல்வது உயிருக்கு ஆபத்தானது. வெளிவிடும் மூச்சையே சுத்திகரித்து மீண்டும் சுவாசிக்க உதவும் சிறப்புக் கருவிகளும் நீண்ட பயிற்சியும் தேவை. சில நிமிடங்கள் அடியில் இருந்துவிட்டு, மேலேறப் பல மணி நேரம் செலவிட நேரிடலாம்.

மீனுக்கும் இதே சிக்கல் உண்டு. ஆழத்திலிருந்து விரைவாக மேலே கொண்டுவந்தால், அழுத்தம் குறைவதால் அதன் காற்றுப்பை விரிந்து உள்ளுறுப்புகளைச் சிதைத்துவிடும். எனவே மிக மெதுவாக மேலேற்ற வேண்டும், அல்லது நுண்ணிய ஊசியால் காற்றை வெளியேற்ற வேண்டும். ஹவாயில் உள்ள வைகிகி மீன் காட்சியகத்தில் 2012-ஆம் ஆண்டு இந்த மீன் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டபோது அது உலகச் செய்தியானதற்கு இந்த அருமையே காரணம்.

வழியில் நேரும் இழப்பு

பிடிக்கப்பட்ட மீன், பிடிப்பவர், இடைத்தரகர், ஏற்றுமதியாளர், விமான நிறுவனம், இறக்குமதியாளர், கடைக்காரர் எனப் பல கைகள் மாறியே வாங்குபவரை அடைகிறது. ஒவ்வொரு மீனும் தனித்தனி நெகிழிப் பையில், கடல்நீரும் ஆக்சிஜனும் நிரப்பி, வெப்பம் புகாத பெட்டிகளில் அனுப்பப்படுகிறது. விமானக் கட்டணத்தில் பெரும்பகுதி மீனுக்கு அல்ல, அதைச் சூழ்ந்துள்ள நீரின் எடைக்கே செலுத்தப்படுகிறது. வழியில் இறந்த மீன்களின் விலையும் பிழைத்த மீன்களின் தலையில்தான் ஏற்றப்படுகிறது.

பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா போன்ற நாடுகளில் சயனைடு கரைசலைப் பாறை இடுக்குகளில் பீய்ச்சி மீன்களை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் தடையையும் மீறி நீடித்து வந்துள்ளது. இதனால் பவள உயிரிகள் மடிகின்றன. உயிர் தப்பியதாகத் தோன்றும் மீனும் சில வாரங்களில் வாங்கியவரின் தொட்டியிலேயே இறந்துவிடக்கூடும்.

முட்டையிட்டாலும் குஞ்சு பிழைக்காதது ஏன்?

இவ்வளவு விலை கிடைக்கும்போது பண்ணையிலேயே வளர்க்கக் கூடாதா என்ற கேள்வி இயல்பாக எழும். தாய்மீன் முட்டையிடுவதோடு பணி முடிந்துவிடுவதில்லை. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுக்கு முதல் சில நாட்களில் என்ன உணவு கொடுப்பது என்பதே உண்மையான சிக்கல்.

கோமாளி மீன் இதில் எளிதானது. அது பாறை போன்ற பரப்பில் முட்டைகளை ஒட்டவைக்கும். ஆண் மீன் துடுப்பால் விசிறிக் காவல் காக்கும். ஏறத்தாழ ஒரு வாரத்தில் குஞ்சு பொரிக்கும். அந்தக் குஞ்சின் வாய், ரோட்டிஃபர் எனப்படும் நுண்ணுயிரியை உண்ணும் அளவுக்குப் பெரியது. ரோட்டிஃபரைத் தொட்டிகளில் எளிதாகப் பெருக்கலாம். எனவேதான் கடல் வண்ணமீன்களுள் முதலில் பண்ணைக்கு வந்தவற்றில் கோமாளி மீனும் ஒன்றானது. இன்று உள்நாட்டுச் சந்தையில் சாதாரண வகைக் கோமாளி மீன் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது.

ஏஞ்சல், டாங், ஆந்தியாஸ் போன்ற இனங்கள் முட்டைகளை நீரில் மிதக்க விடுகின்றன. பொரித்து வரும் குஞ்சு மிகச் சிறியது. அதன் வாயில் ரோட்டிஃபர்கூட நுழையாது. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அளவுடைய, கோபிபாட் என்ற நுண் ஓட்டுடலியின் இளம் பருவமே அதற்கு ஏற்ற உணவு. கோபிபாட்டை வளர்க்க முதலில் அதற்கு உணவாகும் நுண்பாசியை வளர்க்க வேண்டும். பாசி, கோபிபாட், குஞ்சு என்ற இந்தச் சங்கிலியில் ஒரு நாள் தடை ஏற்பட்டாலும் ஒரு தொகுதிக் குஞ்சுகள் முழுவதும் அழிந்துபோகும்.

விழிஞ்ஞத்தில் நடப்பது என்ன?

1947-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு, தற்போது கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையங்களில் ஒன்று விழிஞ்ஞத்தில் உள்ளது. திருவனந்தபுரத்திலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில், மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டி அது அமைந்துள்ளது. விழிஞ்ஞத்திலிருந்து கன்னியாகுமரி வரையிலான கடலடியில் பாறைத் திட்டுகள் மிகுதி. வண்ணமீன்கள் பலவற்றுக்கு அவையே வாழிடம்.

இந்தக் கடற்பகுதியில் காணப்படும் 'மார்சியா ஆந்தியாஸ்' என்ற மீனைச் சிறைநிலையில் இனப்பெருக்கம் செய்யும் தொழில்நுட்பத்தை விழிஞ்ஞம் விஞ்ஞானிகள் உருவாக்கினர். ஓமன் கடலில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு 1993-ஆம் ஆண்டில் பெயரிடப்பட்ட இனம் அது. கோபிபாட் வளர்ப்பில் இம்மையம் பெற்றிருந்த அனுபவமே இந்த வெற்றிக்கு அடித்தளமானது.

இதன் தொடர்ச்சியாக 2025-ஆம் ஆண்டில், நீலமும் மஞ்சளும் கலந்த 'அசூர் டாம்செல்', மணற்பரப்பில் வாழும் 'ஆர்னேட் கோபி' ஆகிய இரு இனங்களின் இனப்பெருக்கத் தொழில்நுட்பமும் இங்கு உருவாக்கப்பட்டது. மண்டபம் உள்ளிட்ட பிற மையங்களின் பணியையும் சேர்த்தால், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இதுவரை இருபதுக்கும் மேற்பட்ட கடல் வண்ணமீன் இனங்களுக்கு இத்தகைய தொழில்நுட்பத்தை உருவாக்கியுள்ளது.

இந்தப் பணியின் பயன் ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடுவதில்லை. விஞ்ஞானிகள் பொரிக்கச் செய்த குஞ்சுகளைக் கடலோரக் குடும்பங்கள் வீட்டளவிலான தொட்டிகளில் விற்பனை அளவுக்கு வளர்த்துத் தரலாம். லட்சத்தீவின் அகத்தி தீவில் தேசிய மீன் மரபணு வள நிறுவனம் அமைத்துள்ள மையம், அங்குள்ள பெண்களுக்கு அலங்கார இறால், கோமாளி மீன் வளர்ப்பில் பயிற்சி அளித்து வருகிறது. மீன்வளம் குன்றிவரும் காலத்தில், கடலுக்குள் செல்லாமலே கடலிலிருந்து வருவாய் பெறும் வழியாக இது கருதப்படுகிறது.

ஹவாய் தரும் பாடம், பங்காய் தரும் எச்சரிக்கை

இனப்பெருக்கத் தொழில்நுட்பத்துக்கும் விலைக்கும் உள்ள தொடர்பை ஹவாய் தீவின் 'யெல்லோ டாங்' மீனில் காணலாம். அங்குள்ள பாறைகளில் பிடிக்கப்பட்ட இந்த மஞ்சள் மீன், ஒரு காலத்தில் அமெரிக்கக் கடைகளில் ஏறத்தாழ 50 டாலருக்குக் கிடைத்தது. சுற்றுச்சூழல் ஆய்வு நடத்தாமல் வண்ணமீன் பிடிக்க உரிமம் வழங்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு ஹவாய் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பின்னர் வரத்து குறைந்து, விலை நூற்றுக்கணக்கான டாலராக உயர்ந்தது.

ஆனால் அதற்கு முன்பே, 2015-ஆம் ஆண்டில், ஹவாய் ஆய்வாளர்கள் பல ஆண்டு முயற்சிக்குப் பின் இந்த இனத்தைச் சிறைநிலையில் வளர்ப்பதில் வெற்றி கண்டிருந்தனர். இதனால், கடலிலிருந்து வரத்து நின்றபோதும், பண்ணையில் பிறந்த மீன்கள் சந்தைக்கு வர வழி பிறந்தது.

தொழில்நுட்பம் மட்டுமே போதாது என்பதை இந்தோனேசியாவின் 'பங்காய் கார்டினல்' மீன் உணர்த்துகிறது. ஆண் மீன் முட்டைகளை வாயில் சுமந்து பொரிக்கும் இந்த இனத்தைப் பண்ணையில் வளர்ப்பது கடினமன்று. எனினும் கடலில் பிடிக்கப்படும் மீன் மலிவாகக் கிடைத்ததால் பிடிப்பு தொடர்ந்தது. இதன் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து வேறு தீவுகளுக்குப் பரவுவதில்லை. ஆகவே ஓரிடத்தில் அழிந்தால் மீண்டும் தானாக நிரம்புவது அரிது. 2007-ஆம் ஆண்டு இந்த இனம் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் அருகிவரும் இனங்கள் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதிக விலையைப் போலவே, மிகக் குறைந்த விலையும் ஓர் இனத்துக்குக் கேடு விளைவிக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972-இன் கீழ், கடற்குதிரை இனங்கள், பாறை உருவாக்கும் பவளங்கள், கடல் விசிறி, கடல் அட்டை ஆகியவை 2001-ஆம் ஆண்டு முதல் பாதுகாக்கப்பட்டவை. அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். 'உயிர்ப்பாறை' என்ற பெயரில் பவளத் துண்டுகளை விற்பவர்களிடம் வாங்குவோரும் சிக்கலுக்கு உள்ளாகலாம். ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகளை உள்ளடக்கிய மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவில் எந்த வண்ணமீனையும் பிடிக்க அனுமதி இல்லை.

சில வெளிநாட்டு மீன்களுக்கும் கட்டுப்பாடு உண்டு. மெக்சிகோவின் 'கிளாரியன் ஏஞ்சல்' மீன், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் 'சைட்ஸ்' உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் இடம்பெற்றுள்ளது. இப்பட்டியலில் உள்ள உயிரினங்களை இந்தியாவில் வைத்திருப்போர் அவற்றை அரசிடம் முறைப்படி பதிவு செய்ய வேண்டும்.

வாங்குவதற்கு முன் கவனிக்க வேண்டியவை

* மீன் கடலில் பிடிக்கப்பட்டதா, பண்ணையில் பிறந்ததா என்று கேட்க வேண்டும். பண்ணையில் பிறந்த மீன் தொட்டி வாழ்க்கைக்கும் செயற்கை உணவுக்கும் ஏற்கெனவே பழகியது. விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் அது பிழைக்கும் வாய்ப்பு அதிகம்.

* மீனின் விலை செலவின் ஒரு பகுதி மட்டுமே. உப்புக் கலவை, புரத வடிகட்டி, விளக்கு, நீரைக் குளிர்விக்கும் கருவி, மின்சாரம் ஆகியவற்றுக்கான செலவையும் கணக்கிட வேண்டும்.

* புதிய தொட்டியில் நைட்ரஜன் சுழற்சி நிலைபெற 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அதற்கு முன் மீனை விடக் கூடாது. அம்மோனியா சிறிதளவு இருந்தாலும் கடல் மீன் தாங்காது.

* வாங்கும் மீன் கடையில் உணவு உண்பதை நேரில் பார்த்த பின்னரே பணம் செலுத்துவது நல்லது.

* தொட்டி மீனைக் கடலிலோ கழிமுகத்திலோ விடக் கூடாது. அது உள்ளூர் இனங்களுக்கு நோயும் போட்டியும் ஆகும்.

ஓர் அரிய மீனின் விலை குறைவதை வணிகர் இழப்பாகக் கருதலாம். ஆனால் பண்ணையில் பிறந்த மீன் எளிதில் கிடைக்கும்போது, அதே இனத்தைத் தேடிப் பாறையில் வலைவீசும் தேவை குறைகிறது. விழிஞ்ஞம் ஆய்வுக்கூடத்தின் தொட்டிகளில் வளரும் குஞ்சுகளின் உண்மையான மதிப்பு அதுவே.