விமானம் கட்ட ஒரு டிரில் பிட்

மும்பை விமானி அமோல் யாதவ் தான் குடியிருந்த கட்டிடத்தின் மொட்டை மாடியிலேயே ஆறு பேர் அமரும் விமானத்தைக் கட்டி, 2016 'மேக் இன் இந்தியா' கண்காட்சியில் வைத்தார். 2017-ல் அதற்குப் பதிவும் கிடைத்தது. வெளிநாடுகளில் பாகங்களைப் பெட்டியாக வாங்கி வீட்டிலேயே பூட்டுபவர்களும் உண்டு. அலுமினிய விமானம் என்றால் ஆயிரக்கணக்கான துளைகள், துளைக்கொரு ரிவெட்.

அந்தத் துளை போடும் பிட்டுக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. முன்பு பெரும்பாலும் தட்டை முனைதான். துருவல் உள்ளேயே அடைத்துக்கொள்ளும். 1863-ல் அமெரிக்கர் ஸ்டீபன் மோர்ஸ் முறுக்குப் பள்ளம் வைத்த பிட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். துருவல் தானாக மேலேறி வெளியே வந்தது. 1900 பாரிஸ் கண்காட்சியில் டெய்லரும் ஒயிட்டும் காட்டிய எஃகோ, சிவக்கக் காய்ந்தும் கூர் மழுங்கவில்லை. இன்றைய 'ஹை ஸ்பீட் ஸ்டீல்' அந்த வழியில் வந்ததுதான்.

நம் செகந்திராபாத் ராணிகஞ்சில் பிட் வாங்கினாலும் இரண்டைப் பாருங்கள்: அந்த எஃகுதானா, முனை 135 டிகிரியில் பிளந்ததா? பிளந்த முனை தகட்டில் வழுக்கி ஓடாது. துளை பெரிதானால் ரிவெட் சரியாகப் பிடிக்காது. ஓரம் பிசிறினால் விரிசல் அங்கேதான் பிறக்கும். எங்கள் வங்கியில் பைசா இடித்தால் மறுபடி கூட்டிப் பார்க்கலாம். ஆகாயத்தில் அதற்கு நேரமிருக்காது.