கரிசல் நெருப்பு – 4: எட்டு மாதப் பழக்கம்

1922. அய்ய நாடாரும் அவருடைய நெருங்கிய உறவினர் சண்முக நாடாரும் கல்கத்தாவில் கால்வைத்ததோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். அய்ய நாடாருக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. வானம் பார்த்த பூமியான சிவகாசியில் மழையை நம்பிப் பிழைக்க வழியில்லை. அதே ஆண்டு, வெளிநாட்டுத் தீப்பெட்டிக்கு வெள்ளை அரசு ஒரு குரோஸுக்கு ஒன்றரை ரூபாய் இறக்குமதி வரி போட்டது. ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. உள்ளூரில் செய்தால் விற்கலாம் என்ற நிலை வந்தது. ஆனால் செய்யத் தெரிந்தவர் ஊரில் யார்?

கல்கத்தாவில் எட்டு மாதம் தொழில் பழகினார்கள். குச்சியைச் சட்டத்தில் அடுக்க வேண்டும், மெழுகில் தோய்க்க வேண்டும், பிறகு மருந்தில் முக்க வேண்டும். மருந்து கூடினால் தலை உதிரும், குறைந்தால் பற்றாது. முக்கிய குச்சி காயாவிட்டால் அத்தனை உழைப்பும் பாழ். கங்கைக் கரைப் புழுக்கத்தில் குச்சி காயக் காத்திருந்த நேரத்தில் அவர்களுக்குச் சொந்த ஊர் நினைவு வந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. பயிரைக் கருக்கும் சிவகாசி வெயிலைவிட நல்ல காயவைப்பு எங்கே கிடைக்கும்?

ஊர் திரும்பியதும் ஜெர்மனியிலிருந்து இயந்திரம் தருவித்தார்கள். கடல் கடந்து வந்த இயந்திரம். எத்தனை நம்பிக்கை அதன்மேல் ஏற்றியிருப்பார்கள்! கட்டுப்படியாகவில்லை. போட்ட பணம் திரும்பும் வழி தெரியவில்லை.

முதலாளியாக மட்டுமே தொழிலுக்குள் வந்தவர் இந்த இடத்தில் கதவைச் சாத்தியிருப்பார். இவர்கள் கையில் எட்டு மாதப் பழக்கம் இருந்தது. இயந்திரத்தை ஒதுக்கிவிட்டுக் கைவேலைக்கு மாறினார்கள். பெட்டி ஒட்டுவது, கட்டை அடுக்குவது, லேபிள் ஒட்டுவது என்று வேலை பல கைகளுக்குப் பிரிந்தது. ஊர்க்காரர்கள் இன்றும் ‘தீப்பெட்டி ஆபீஸ்’ என்று சொல்கிறார்களே, அது வேர்விட்டது இப்படித்தான். இந்தக் கைவேலையின் எளிமையே பின்னாளில் பள்ளிக்குப் போக வேண்டிய பிஞ்சு விரல்களையும் உள்ளே இழுத்தது. அந்தக் கொடுமையைத் தனி அத்தியாயமாக எழுதாமல் இந்தத் தொடரை முடிக்க மாட்டேன்.

குச்சிகள் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கின்றன. அதே வரியைக் கணக்குப் பார்த்த இன்னொருவர் கடலுக்கு அப்பால் இருந்தார். ஸ்வீடனின் இவார் குரூகர், பல நாடுகளின் தீப்பெட்டிச் சந்தையை வளைத்துப் போட்டவர். இறக்குமதி செய்தால்தானே வரி? இந்தியாவிலேயே ஆலை போட்டுவிட்டால்?

1923. ‘விம்கோ’ பிறக்கிறது. அந்த ஆலைகளின் இயந்திரங்களுக்கு எதிரே சிவகாசியில் இருந்தவை வெறும் கைகள். இந்த நெருக்கடிக்கு நடுவே, 1926இல், அந்தக் கைகளும் இரண்டாகப் பிரிந்தன. அணில் ஒரு பக்கம், காக்கா ஒரு பக்கம்!

(அடுத்த வாரம்: அணிலும் காக்காவும்)