துளைக்குள் தடம் வெட்டிய கதை

ஒரு தண்டின் புறத்தே பல்வரிசை வெட்டுவது எவ்வளவு சிறிய பட்டறைக்கும் எட்டக்கூடிய காரியந்தான். கட்டர் சுழல இடமிருக்கிறது, வெட்டுகிறவன் கண்ணுக்கு வேலையும் தெரிகிறது. ஆனால் அந்தத் தண்டு நுழைந்து பொருந்தவேண்டிய துளையின் உட்சுவரில், அதே எண்ணிக்கையில், அதே இடைவெளியில், நெடுக ஓடும் தடங்களை வெட்டவேண்டுமென்று வந்துவிட்டால், சுழலும் கருவிகளெல்லாம் வாசலிலேயே நின்றுவிடுகின்றன. உளி ஒன்று நேராக உள்ளே போய் வரவேண்டும், நெடுங்காலம் இதற்கு வேறு வழி இருந்ததில்லை. ‘உள் ஸ்பிளைன்’ எனப்படும் இந்த வேலைக்குப் பெரிய தொழிற்சாலைகள் ப்ரோச் என்னும் விலையுயர்ந்த சாதனத்தை நாடின. சிறு பட்டறைக்காரனோ லேத்தை ஓடாமல் நிறுத்திவைத்து, போரிங் பாரில் கட்டிய ஒற்றை டூலைக் கையால் முன்னும் பின்னும் தள்ளியே அதே வேலையை முடித்துவந்தான். வறுமையால் வந்த குறுக்குவழி என்று இதை இகழ்ந்து பேசுவோர் உண்டு. சரித்திரம் அவர்கள் பக்கம் இல்லை. தொழிற்சாலையின் முறையைவிட இதுவே மூத்தது.

பதினெட்டாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், லங்காஸ்டர் வட்டாரத்தில் குடியேறிய ஜெர்மானியத் துப்பாக்கிக் கொல்லர்கள், தங்கள் நீண்ட குழல்களின் உட்சுவரில் புரித்தடம் வெட்டிய விதத்தை ஊன்றிப் பார்க்கவேண்டும். அவர்களிடம் நீராவியும் இல்லை, வார்ப்பிரும்பு யந்திரமும் இல்லை. நீண்ட மரப்பலகை ஒன்றின்மேல், புறத்தே திருகுப்பள்ளம் வெட்டிய ஒரு மர உருளை. அதன் முனையில் குழலுக்குள் செல்லும் கோல். கோலின் பக்கத்தில் பதித்த, விரல்நகம் போன்ற எஃகு வெட்டுமுனை. எதிர்ப்புறத்தில் அசையாமல் பிணித்த குழல். கொல்லன் உருளையைத் தள்ளி இழுக்க, வெட்டுமுனை மயிரளவு இரும்பைச் சுரண்டி வரும். ஒரு தடம் முடிந்ததும், பங்கிட்ட வட்டத் தகட்டை ஒரு பங்கு திருப்பி அடுத்த தடம். பெரும்பாலும் ஏழு தடங்கள். ஒரு சுற்று முடிந்தபின் வெட்டுமுனையின் அடியில் ஒரு காகிதத் துண்டைச் செருகுவான். முனை அந்தக் காகிதத்தின் கனம் மட்டும் உயரும். மறுபடியும் ஏழு தடங்களும் ஒரு சுற்று. அங்குலத்தை ஆயிரமாகப் பகுக்கும் அளவுகோல் அவன் கையில் இல்லாத காலத்தில், காகிதத்தைக்கொண்டே அந்த நுட்பத்தை அவன் சாதித்தான் என்பதை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. போய்வரும் உளி, பங்கிடும் தகடு, சிறிது சிறிதாக ஆழம் கூட்டும் உபாயம் என்று இந்த வேலைக்கு வேண்டிய மூன்று அம்சங்களும் அந்த மரப்பலகையின்மேல் பூர்த்தியாகிவிட்டன.

யந்திர உலகில் இதன் அடுத்த அத்தியாயம் இங்கிலாந்தில் நடந்தது. போர்ட்ஸ்மத் கப்பல் துறையில் கப்பிகள் செய்வதற்காக மார்க் புருனெல் வகுத்து, ஹென்றி மாட்ஸ்லே தம் பட்டறையில் வார்த்துக் கடைந்து கொடுத்த யந்திரங்களில் ஒன்று, மரக்கட்டையில் செவ்வகத் துளை கொத்துவது. அதில் உளி மேலும் கீழும் போய்வரும். 110 கைவினைஞர் செய்துவந்ததைப் பயிற்சியில்லாத 10 பேர் செய்தனர் என்றும், 1808இல் ஆண்டுக்கு 1,30,000 கப்பிகள் வெளிவந்தன என்றும் சொல்லப்படுகிறது. மாட்ஸ்லேயிடம் வேலைபார்த்துப் பின்னர் மான்செஸ்டரில் பட்டறை வைத்த ரிச்சர்டு ராபர்ட்ஸ், 1820களில் அதே போய்வரும் உளியை இரும்புக்குப் பிரயோகித்துச் சக்கரத் துளைகளில் கீவே என்னும் ஒற்றைத் தடத்தை வெட்டும் ஸ்லாட்டிங் யந்திரத்தை அமைத்தார். அதற்கு முன்பு அந்தக் கீவேயை உளியும் சுத்தியலும் அரமுமாகக் கையாலேயே கொத்தி எடுத்தார்கள். மாட்ஸ்லேயின் மற்றொரு சீடரான ஜேம்ஸ் நாஸ்மித் 1836இல் செய்த ஷேப்பர், உளியைக் கிடையாக ஓடவிட்டது. இவ்விரண்டும்தான் இன்றளவும் ஏழைப் பட்டறையின் துணைகள்.

ஒரு கீவேயுடன் நில்லாமல் சுற்றிலும் பல தடங்கள் வேண்டுமென்ற அவசியத்தை உண்டாக்கியது மோட்டார் வண்டி. கியர் சக்கரம் தண்டோடு சேர்ந்து சுழலவும் வேண்டும், தண்டின்மேல் நகரவும் வேண்டும். முதலில் சதுரத் தண்டுகளால் சமாளித்தவர்கள் பிறகு 4, 6, 10 தடங்களுள்ள தண்டுகளுக்கு மாறினார்கள். ஆயிரக்கணக்கில் வண்டி செய்பவனுக்கு ஒவ்வொரு தடமாக வெட்டிக்கொண்டிருக்க நேரமில்லை. ஒன்றைவிட ஒன்று சற்றே உயர்ந்த பற்களை நெடுக வரிசையாகக் கொண்ட ப்ரோச்சைத் துளைவழியே ஒரே இழுப்பாக இழுத்தால் எல்லாத் தடங்களும் ஒருங்கே முடிந்துவிடும். கொல்லன் செருகிய காகிதத் துண்டுகள் எல்லாம் எஃகுப் படிகளாகி ஒரே கோலில் ஏறிவிட்டன என்று சொல்லலாம். ஆனால் ஒரு ப்ரோச் ஓர் அளவுக்குத்தான் உதவும். அளவு மாறினால் வேறொன்றைக் கிரயம் கொடுத்து வாங்கவேண்டும். ஒரே ஒரு சக்கரம் பழுதாகி வரும் பட்டறைக்கு இதனால் என்ன பயன்?

அப்படிப் பழுதாகி வருபவை ஏராளம். 1930களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின் நிலையத்தின் மின்சாரம் வந்தபின் பஞ்சாலைகளும் பம்புகளும் பெருகிய கோயம்புத்தூரில், அவற்றுக்கு உதிரிப்பாகம் செய்யும் லேத் பட்டறைகள் பீளமேடு, கணபதி, ஆவாரம்பாளையம் பகுதிகளில் தழைத்தன. டிராக்டர் வந்தபிறகு இன்னொரு தேவையும் சேர்ந்தது. என்ஜின் சக்தியை வெளியே கொடுக்கும் அதன் பின்தண்டுக்கு, நிமிஷத்துக்கு 540 சுற்று, 1⅜ அங்குல விட்டம், 6 ஸ்பிளைன் என்பது உலகெங்கும் வழங்கும் அளவு. அதில் மாட்டும் உள் ஸ்பிளைன் குடம் தேய்ந்தால் உழவன் வந்து நிற்பது சிறு பட்டறையின் வாசலில்தான்.

லேத்தில் இதை வெட்டும் முறை பார்க்கப் பார்க்க அலுக்காதது. துளையைக் கடைந்தபின் வேலையைச் சக்கிலிருந்து கழற்றுவதில்லை. மோட்டாரை நிறுத்தி, ஸ்பிண்டிலின் பின்முனையில் 60 பல் சேஞ்ச் கியர் ஒன்றை மாட்டி, பல்லிடுக்கில் விழும் ஓர் ஆப்பினால் பூட்டுகிறார்கள். 10 பல்லுக்கு ஒருமுறை நகர்த்தினால் ஆறு தடம் பிசகாமல் அமையும். தடத்தின் அகலத்துக்குச் சாணை பிடித்த டூலைத் துளையின் மையத்துக்குச் சரியாக நிறுத்தி, எண்ணெய் தடவி, டூலைத் தாங்கும் கேரேஜைத் தள்ளுகிறார்கள். ஒரு போக்குக்கு அங்குலத்தின் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குக்கு மேல் ஆழம் கொடுப்பதில்லை. திரும்பும்போது டூலைச் சற்று விலக்காவிட்டால் முனை மழுங்கிப்போகும். ஒரு தடத்தை முழு ஆழமும் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறவர்களே அதிகம். லங்காஸ்டர் கொல்லனைப்போல் ஒவ்வோர் ஆழத்துக்கும் எல்லாத் தடங்களையும் ஒரு சுற்று சுற்றிவருவதே சிலாக்கியம் என்பது என் துணிபு, ஏனெனில் முனையின் தேய்மானம் எல்லாத் தடங்களுக்கும் சமமாகப் பங்கிடப்படும். கடைசியில் தண்டுக்கு நீலச்சாயம் பூசி நுழைத்துப் பார்த்து, சாயம் ஒட்டிய மேடுகளை மட்டும் அரத்தால் தீற்றுகிறார்கள்.

இதைவிடச் சுலபமாகப் பழைய கிளட்ச் பிளேட்டின் நடுக்குடத்தை அறுத்தெடுத்துப் புதிய பாகத்தில் பற்றவைப்பவர்களும் உண்டு. செலவு சொற்பம், ஆனால் பற்றவைத்த சூட்டில் குடம் கோணினால் தண்டு நுழையாது. பெரிய ஆலைகள் கழித்துவிட்ட ஷேப்பர்கள் மலிவாய்க் கிடைப்பதும் பட்டறைக்காரனுக்கு அனுகூலந்தான். இப்போதோ கம்பியையும் மின்பொறியையும் கொண்டு அறுக்கும் வயர்கட் யந்திரத்துக்குக் கூலி கொடுத்தால், எந்த வடிவத் தடமும் ப்ரோச் இல்லாமலே வந்துவிடுகிறது. எனினும் அந்தக் கம்பி ஒருபுறம் நுழைந்து மறுபுறம் வெளிவந்தாகவேண்டும். அடி மூடிய துளையில் அது செல்லாது. அத்தகைய வேலை வந்தால் இன்றும் துளையின் அடியில் முதலில் ஒரு வளையப் பள்ளம் கடைந்துகொள்கிறார்கள். தள்ளிய டூலின் முனை அந்தப் பள்ளத்தில் போய் நிற்க, சீவல் அங்கே அறுந்து விழுகிறது.