கடுக்காய் மரத்துக்குள் ஒரு கயிறு!

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி வெள்ளிமலைக்கு பஸ் ஏறியிருக்கிறீர்களா? இல்லையென்றால் ஒருமுறை போய்விட்டு வாருங்கள். ஊட்டி, கொடைக்கானல் போலப் பகட்டு இல்லாத மலை, கல்வராயன். வளைவுகளில் பஸ் திணறும்போது ஜன்னல் வழியே ஒரு கடுக்காய் மரத்தைப் பாருங்கள். ஐம்பது, அறுபது அடி உச்சியில் ஓர் இலை பச்சையாக ஆடிக்கொண்டிருக்கும். அந்த இலைக்குத் தண்ணீர் ஏற்றுவது யார்?

'வேர்தான் உறிஞ்சுகிறதே!' என்று சொல்லித் தப்பிக்க முடியாது. கீழே கிணறு வைத்திருக்கும் எந்த விவசாயியையும் கேளுங்கள். தண்ணீர் இருபத்தைந்து அடிக்குக் கீழே போய்விட்டால், மேலே வைத்த மோட்டார் முக்கும், முனகும்... இழுக்காது. மோட்டாரைக் கிணற்றுக்குள் இறக்கித்தான் ஆக வேண்டும்.

காரணத்தை 1640-களிலேயே இத்தாலியின் டாரிசெல்லி சொல்லிவிட்டார். பம்பு தண்ணீரை இழுப்பதே இல்லை. அது குழாயிலிருக்கும் காற்றை வெளியேற்றுகிறது. வெளிக்காற்று தண்ணீரை மேலே தள்ளுகிறது, அவ்வளவுதான். எப்பேர்ப்பட்ட பம்பானாலும் சுமார் 34 அடிதான் எல்லை. மலைமேல் காற்றழுத்தம் குறைவு என்பதால் அங்கே இன்னும் ஒரு மூன்றடி குறையும். ஆனால், கலிஃபோர்னியாவில் ஒரு ரெட்வுட் மரம் 380 அடி நிற்கிறது!

ஜெர்மனியின் ஸ்ட்ராஸ்பர்கர் 1890-களின் தொடக்கத்தில் கொஞ்சம் கொடூரமான வேலை செய்தார். மரங்களை அடியில் அறுத்து, விஷக் கரைசலில் நிறுத்தினார். விஷம் ஏறி வழியிலிருந்த செல்கள் எல்லாம் செத்தன. அப்புறமும் திரவம் ஏறிக்கொண்டேயிருந்தது, இலைகள் சாகும்வரை. ஆக, அடிமரத்துக்குள் உயிருள்ள பம்பு எதுவும் தேவையில்லை!

1894-ல் டப்ளினைச் சேர்ந்த டிக்ஸன், ஜோலி இருவரும் துணிந்து சொன்னார்கள்: 'இழுப்பது இலை.' இலையிலிருந்து நீர் ஆவியாகும்போது பின்னாலிருக்கும் நீர் இழுபடுகிறது. அதன் பின்னால் அடுத்தது... வேர்வரை ஒரே கயிறு. தண்ணீரின் மூலக்கூறுகள் அப்படி ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன.

பலருக்கு இது செரிக்கவில்லை. வெற்றிடத்தில் அழுத்தம் பூஜ்யம். மரத்துக்குள்ளோ அதற்கும் கீழே, மைனஸில் இருக்க வேண்டும். அது எப்படி? காற்றில் நடக்காது. ஆனால், ரப்பரை இழுத்துப் பிடிப்பது மாதிரி தண்ணீரை இழுத்துப் பிடிக்கலாம். 1850-லேயே பாரிஸில் பெர்த்தெலோ இதைச் செய்து காட்டியிருந்தார். கண்ணாடிக் குழாயில் ஏறக்குறைய முழுக்கத் தண்ணீர் நிரப்பி, மூடி, சூடாக்கினார். தண்ணீர் விரிந்து குழாயை நிறைத்தது. பிறகு ஆறவிட்டார். சுருங்க வேண்டிய தண்ணீர் சுவரைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நின்றது, சுமார் மைனஸ் 50 வளிமண்டல அழுத்தத்தில்! கடைசியில் ஒரு 'டக்'. குமிழி வந்துவிட்டது.

நியாயமாக அந்தத் தண்ணீர் முன்பே உடைந்து ஆவியாகியிருக்க வேண்டும். முதல் குமிழி பிறக்கவில்லை, அதனால் பிழைத்து நின்றது. இந்தத் தற்காலிகப் பிழைப்புக்கு 'மெட்டாஸ்டபிள்' என்று பெயர். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போயும் உறையாமல் நிற்கிற தண்ணீரும் இதே ஜாதிதான். ஃபாரன்ஹீட் 1724-லேயே எழுதிவைத்த சங்கதி அது.

இந்தக் கதையில் நம்மவர் ஒருவரும் வருகிறார். ஜகதீஷ் சந்திர போஸ்! 1923-ல் 'சாறு ஏறுவது எப்படி' என்பதற்காகவே ஒரு புத்தகம் போட்டார். தண்டின் உயிருள்ள செல்கள் இதயம்போலத் துடித்து நீரை ஏற்றுகின்றன என்பது அவர் வாதம். தொழுகன்னிச் செடியின் இலைத் துடிப்பைப் படம்பிடித்த மனிதர். அப்படித் தோன்றியதில் ஆச்சரியமில்லை. செடிக்குள் மின் சமிக்ஞை ஓடுகிறது என்று அவர் சொன்னது சரி. இது மட்டும் தப்பு. போஸ் என்றால் எல்லாமே சரி, வெள்ளைக்காரன்தான் ஒப்புக்கொள்ளவில்லை என்று சொல்வது நமக்கு ஒரு வழக்கம். எனக்கென்னவோ அது அவருக்குச் செய்கிற மரியாதையாகத் தெரியவில்லை.

வழக்குக்கு வலுவான சாட்சி 1965-ல் வந்தது. கலிஃபோர்னியாவில் ஸ்கோலாண்டர் என்ற நார்வே வம்சாவளிக்காரர், உயரமான மரங்களின் உச்சிக் கிளைகளைத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தினார். ஒரு கிளையை வெட்டியதும், இழுபட்டிருந்த நீர் அறுந்த ரப்பர்போல உள்ளே ஓடிவிடும். கிளையை எஃகுக் கலத்தில் வைத்து, வெட்டுமுனை மட்டும் வெளியே தெரிய, வாயுவால் அழுத்தினார். எந்த அழுத்தத்தில் நீர் மறுபடி முனைக்கு வருகிறதோ, அத்தனை இழுவை உள்ளே இருந்தது என்று கணக்கு. உப்புநீரில் வாழும் அலையாத்தி மரங்களில் மைனஸ் 35 முதல் 60 வளிமண்டலம்வரை போனது. நம்ம பிச்சாவரத்தில் நிற்பதும் அந்தக் கூட்டம்தான்.

1991-ல் அமெரிக்காவின் ஏஞ்சல் குழு, குவார்ட்ஸ் கல்லுக்குள் சிறைப்பட்ட நுண்துளி நீரை மைனஸ் 1,400 வளிமண்டலம்வரை கொண்டுபோனது. உறையாத குளிர்நீர் ஏன் விசித்திரமாக நடந்துகொள்கிறது என்பதற்கு 1996-ல் ஒரு விளக்கம் சொன்னவர்களில், பின்னாளில் பெங்களூரு ஜவஹர்லால் நேரு உயர் ஆய்வு மையத்தில் பேராசிரியரான ஸ்ரீகாந்த் சாஸ்திரியும் ஒருவர்.

சரி, மலைக்குத் திரும்புவோம். வெயில் ஏற ஏற, மண் காயக் காய, கயிற்றின் விறைப்பும் ஏறும். ஒரு கட்டத்தில் நுண்குழாயில் குமிழி விழும்; அந்தக் குழாய் அதோடு அவுட். பக்கத்துக் குழாய்க்குப் பரவாமல் நுண்ணிய சல்லடைகள் தடுக்கும். 1966-ல் மில்பர்ன், ஜான்சன் இருவரும் வாடும் ஆமணக்கில் இந்தக் கயிறுகள் அறுபடுவதைக் கருவி வைத்துக் கேட்டார்கள். கிளிக்... கிளிக்... கிளிக்!

கல்வராயனின் கடுக்காய் மரம் அதற்கெல்லாம் காத்திருப்பதில்லை. கோடைக்கு முன்பே இலைகளை உதிர்த்துவிடுகிறது. இழுக்க ஆளில்லை என்றால், கயிறு ஏன் அறுபடப்போகிறது?