வீதம் மாறும் பிழைதிருத்தக் குறிமுறை

கம்பியில்லாத் தடத்தின் தரம் கணத்துக்குக் கணம் மாறுவதற்கேற்ப, தரவோடு அனுப்பும் காப்புப் பிட்டுகளின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் வல்ல குறிமுறை. அனுப்பும் மொத்தப் பிட்டுகளில் தரவுப் பிட்டுகளின் பங்கு ‘குறிவீதம்’ எனப்படும். தடம் தெளிவாக இருந்தால் உயர்ந்த வீதம் போதும். சைகை மங்கினால் தாழ்ந்த வீதம் தேவை.

ஒவ்வொரு வீதத்துக்கும், பெறுமிடத்தில் தரவை மீட்கும் தனிக் குறிவிலக்கி அமைப்பது செலவு மிக்கது. ஜெர்மானியப் பொறியாளர் யோவாகிம் ஹாகனௌவர் 1988இல் துளையிடலைக் கொண்டு இதற்கு அழகிய தீர்வு தந்தார். தாழ்வீதத் தாய்க்குறி ஒன்றிலிருந்து குறித்த ஒழுங்கில் சில பிட்டுகளை அனுப்பாமல் விடுவது ‘துளையிடல்’. 1/2 வீதக் குறியில் நான்குக்கு ஒரு பிட்டை விட்டால் வீதம் 2/3 ஆகும். உயர்வீதக் குறியின் பிட்டுகள் யாவும் தாழ்வீதக் குறியிலும் இடம்பெற வேண்டும் என்பது அவர் வைத்த நிபந்தனை. ஆகவே பிழை நேர்ந்தால், முழுவதையும் மீண்டும் அனுப்பாமல் விடுபட்ட பிட்டுகளை மட்டும் அனுப்பலாம். எல்லா வீதங்களுக்கும், விட்டர்பி என்னும் வழிமுறையில் இயங்கும் ஒரே குறிவிலக்கி போதும்.

இக்கருத்து இன்றைய கைப்பேசி வலையமைப்புகளிலும் தொடர்கிறது. தரவுத் தடங்களுக்கு எல்டிஇ (4ஜி) 1/3 வீத டர்போ குறியையும், 5ஜி எல்டிபிசி குறியையும் தாய்க்குறியாகக் கொள்கின்றன.